சனிக்கிழமைச் சம்பளமும் சத்தான சாப்பாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை என்றால் பெரும்பாலும் சனிக்கிழமைதான் சம்பளம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தைப் பை பிதுங்கும். அடுத்த வெள்ளிக்கிழமை ராத்திரி அஞ்சறைப் பெட்டியில் கடுகும் வெந்தயமும்தான் மிச்சம் இருக்கும். இந்த ஓட்டத்தில் பதினெட்டு வருஷமாக ஐந்து பேருக்குச் சமைக்கிறேன்: வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், மாமியார், நான். முதல் ஏழெட்டு வருஷம் வயிறு நிறைந்ததே தவிர உடம்பில் ஒன்றும் ஒட்டவில்லை. எங்கள் லைன் வீடுகளில் புதிதாகக் குடிவரும் பெண்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள்தான் இவை. நான் சொல்லும் விலைகள் கணக்குக்காகப் போட்டவை. உங்கள் ஊர் விலையை வைத்துத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

ரேஷனில் அரிசி இலவசம். அப்படியும் சாப்பாட்டுக்கு ஏன் இவ்வளவு செலவாகிறது?

ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், செலவை எல்லாம் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிப் பாருங்கள். நான் எழுதிப் பார்த்தபோது பருப்புக்கும் காய்க்கும் போனதைவிட டீக்கடை, பிஸ்கட், பாக்கெட் சிப்ஸ், கடைசி நேரத்தில் பக்கத்துக் கடையில் வாங்கிய தோசை மாவு என்று போனதுதான் அதிகம். அதில் ஒன்றுகூட "சாப்பாட்டுச் செலவு" என்று மனதில் நிற்பதில்லை.

தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்காரர்களுக்கு அரிசி இலவசம். கிலோ 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பு, லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில், 25 ரூபாய்க்குச் சர்க்கரை. சோற்றுக்குப் பஞ்சம் இல்லாத மாநிலம் இது. நம் தட்டில் குறைவது சோற்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது. அரிசியில் மிச்சமாகும் காசு முழுக்கப் பருப்பு, முட்டை, கடலைக்காய், கீரை என்று திரும்பினால் அந்த இலவச அரிசிக்கு அர்த்தம் உண்டு. எங்கள் வீட்டில் ரொம்ப நாள் அது மொபைல் ரீசார்ஜாகப் போய்க்கொண்டிருந்தது.

புரதம் புரதம் என்கிறார்கள். ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு வேண்டும்?

இதற்கு ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அளவு சொல்லியிருக்கிறது. 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளுக்கு 54 கிராம், 55 கிலோ பெண்ணுக்கு 46 கிராம். பதினொரு வயதுப் பிள்ளைக்கு 32, எட்டு வயதுப் பிள்ளைக்கு 23. நான்கு பேருக்குக் கூட்டினால் 155 கிராம்.

இனி தட்டைப் பார்ப்போம். நான்கு பேர் ஒரு நாளைக்கு 900 கிராம் அரிசி சாப்பிட்டால் (இட்லி, தோசை எல்லாம் சேர்த்து) அதிலேயே 65 கிராம் புரதத்துக்கு மேல் வந்துவிடும். ஆமாம், அரிசியிலும் புரதம் உண்டு. ஆனால் அதில் லைசின் என்ற ஒரு கூறு குறைவு. பருப்பில் அது தாராளம். பருப்பும் சோறும் சேர்ந்தால் ஒன்றின் குறையை இன்னொன்று அடைத்துவிடும்.

மிச்சம் வேண்டியது 85, 90 கிராம். 150 கிராம் பருப்பில் 33, நான்கு முட்டையில் 24, அரை லிட்டர் பாலில் 16, இரண்டு கைப்பிடி கடலைக்காயில் 15. கணக்கு முடிந்தது. முட்டை இல்லாத நாளில் 100 கிராம் கொள்ளோ தட்டைப்பயறோ சுண்டல் செய்தால் அந்த இடம் நிரம்பிவிடும்.

எதை வாங்கினால் காசுக்கு அதிகச் சத்து?

நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: ஒரு கிராம் புரதம் என்ன விலைக்கு விழுகிறது என்று பார்ப்பது. ரேஷன் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், அதில் 220 கிராம் புரதம். கிராம் 14 பைசா. இதை அடித்துக்கொள்ள உலகத்தில் எதுவும் இல்லை. மீல் மேக்கர் எனப்படும் சோயா உருண்டை கிலோ 150 என்றால் 30 பைசாவுக்கும் கீழே, ஏனென்றால் அதில் பாதிக்குமேல் புரதம்தான். கொள்ளு 90 ரூபாய் என்றால் 40 பைசா. கடலைக்காய்ப் பருப்பு 140 என்றால் 56 பைசா. கடைத் துவரம்பருப்பு 130 என்றால் 60 பைசா. முட்டை 6 ரூபாய் என்றால் கிராம் ஒரு ரூபாய். பால் ஒன்றரை ரூபாயைத் தாண்டும். பிராய்லர் கோழி, எலும்பைக் கழித்துப் பார்த்தால், இரண்டு ரூபாய்ப் பக்கம். பனீர் அதற்கும் மேலே.

இதை வைத்துக்கொண்டு பாலையும் கோழியையும் ஒதுக்கச் சொல்லவில்லை. பாலில் கால்சியமும் பி12-ம் இருக்கின்றன, பருப்பில் பி12 கிடையாது. ஆனால் "சத்தாகச் சாப்பிடக் காசு இல்லை" என்று சொல்லிக்கொண்டே மாதம் ஒருமுறை பனீர் பட்டர் மசாலா வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும்.

ரேஷன் பருப்பு மாதம் ஒரு கிலோதானே. அது எத்தனை நாளைக்கு வரும்?

ஒரு நாளைக்கு 150 கிராம் போட்டால் ஆறேழு நாள். அதனால்தான் பல வீடுகளில் அந்த ஒரு கிலோவை முப்பது நாளைக்கு இழுக்கிறார்கள். நானும் இழுத்தேன். அப்போது எங்கள் வீட்டுச் சாம்பாரில் பருப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். "சாம்பாரா ரசமா?" என்று வீட்டுக்காரர் கேட்பார், நான் பதில் சொல்லமாட்டேன்.

இப்போது செய்வது: மாதத்துக்கு நான்கு கிலோ பருப்பு வகை வேண்டும் என்று முதலிலேயே எடுத்து வைத்துவிடுகிறேன். ஒரு கிலோ ரேஷன் துவரை. மிச்சத்தில் மைசூர்ப் பருப்பும் பச்சைப்பயறும் பாதி, கொள்ளும் தட்டைப்பயறும் பாதி. சாம்பாருக்குத் துவரையும் மைசூர்ப் பருப்பும் சரிபாதி போட்டால் ருசியில் ஒருவருக்கும் தெரியாது. மைசூர்ப் பருப்பு சீக்கிரம் வெந்துவிடுவதால் கேஸும் மிச்சம். ஒரு துண்டு பரங்கிக்காயைப் பருப்போடு சேர்த்து வேகவைத்து மசித்துவிட்டால் குழம்பு கெட்டியாகவும் வரும். இது கல்யாண வீட்டுச் சமையல்காரர்கள் செய்கிற வேலைதான்.

கொள்ளைப் பற்றி ஒரு வார்த்தை. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று சொல்லிச் சொல்லி, ஒல்லியான பிள்ளைக்குக் கொள்ளு கொடுத்தால் இன்னும் இளைத்துவிடும் என்று பயப்படுகிறார்கள். துவரையில் எவ்வளவு புரதமோ ஏறக்குறைய அவ்வளவு கொள்ளிலும் இருக்கிறது. எங்கள் கொங்குப் பக்கம் கொள்ளுப் பருப்பு கடைந்து, வேகவைத்த தண்ணீரில் ரசமும் வைத்து வளர்ந்த பிள்ளைகள்தான் நாங்கள் எல்லாம். ராத்திரி ஊறவைத்தால் நான்கைந்து விசிலில் வெந்துவிடும். ஊறவைக்க மறந்தால் அன்றைக்கு அதைத் தொடாதீர்கள், கேஸ்தான் தீரும்.

வேலைக்குப் போய்விட்டு வந்து அரை மணி நேரத்தில் செய்ய என்ன இருக்கிறது?

அரிசிம்பருப்பு சாதம். கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர் வீடுகளில் இதைத் தெரியாதவர் இல்லை. மற்ற ஊர்க்காரர்களுக்காக எழுதுகிறேன். வழக்கமாக இரண்டு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் துவரம்பருப்பு போடுவார்கள். நான் முக்கால் டம்ளர் போடுகிறேன். இரண்டையும் கழுவிக் கால் மணி நேரம் ஊறவிட வேண்டும். குக்கரில் இரண்டு கரண்டி கடலெண்ணெய் விட்டு, கடுகு, சீரகம், வரமிளகாய், ஒரு பிடி சின்ன வெங்காயம், ஏழெட்டுப் பல் பூண்டு, கறிவேப்பிலை, ஒரு தக்காளி வதக்கி, மஞ்சள்தூள், கொஞ்சம் சாம்பார்ப் பொடி போட்டு, அரிசியும் பருப்பும் சேர்ந்த அளவுக்கு மூன்று பங்கு தண்ணீர். மூன்று விசில். முருங்கைக்கீரை கிடைத்தால் இரண்டு பிடி உருவி, தண்ணீர் கொதிக்கும்போது போட்டுவிடுங்கள். தொட்டுக்கொள்ளத் தயிர், இல்லாவிட்டால் ஊறுகாய். ஒரு பாத்திரம்தான் கழுவ வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஒன்பது மணிக்கு அது பெரிய விஷயம்.

ரேஷன் அரிசியில் வாடை வருகிறது. அதில் பிளாஸ்டிக் அரிசி கலந்திருப்பதாகவும் சொல்கிறார்களே?

பிளாஸ்டிக் இல்லை. செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவோடு இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து, இயந்திரத்தில் அரிசி வடிவத்திலேயே பிழிந்து, சாதாரண அரிசியில் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கலக்கிறார்கள். நிறத்தில் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும், சில மணிகள் தண்ணீரில் மிதக்கும். அதைப் பார்த்துவிட்டுப் பொறுக்கி எறிகிற பெண்கள் காசு கொடுக்காமல் வந்த சத்து மாத்திரையை எறிகிறார்கள். வீட்டில் தலசீமியா, சிக்கிள் செல் என்கிற பரம்பரை ரத்த நோய் இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாடை உண்மைதான், சில மாதம் கூடுதலாகவே வரும். இரண்டு மூன்று தண்ணீர் கழுவி, அரை மணி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் பாதி போய்விடும். அதற்கும் அடங்காத அரிசியை இட்லிக்கு ஒதுக்கிவிடுங்கள். ரேஷன் புழுங்கலரிசி நான்கு, உளுந்து ஒன்று, வெந்தயம் ஒரு ஸ்பூன். புளித்த பிறகு வாடை எங்கே போனதென்றே தெரியாது. கடையில் மாவு வாங்குவதை நிறுத்தினாலே மாதம் ஒரு நல்ல தொகை கையில் நிற்கும். உளுந்து சேர்வதால் வெறும் சோற்றைவிட இட்லி எவ்வளவோ மேல்.

சிறுதானியத்துக்கு மாறச் சொல்கிறார்களே, கட்டுப்படியாகுமா?

ராகியும் கம்பும் கட்டுப்படியாகும். சாமை, வரகு, தினை, குதிரைவாலி எல்லாம் இப்போது பணக்காரச் சாப்பாடாகிவிட்டன. ஒரு கிலோ விலையில் ஒரு ஆளுக்கு இரண்டு வாரத்துக்கு முட்டை வாங்கலாம். அரிசி சும்மா கிடைக்கும் வீட்டில் அவற்றுக்காகக் கடன்பட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ராகி வேறு கதை. 100 கிராம் ராகியில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம், அரிசியில் அது பத்தைச் சுற்றித்தான். வாரம் இரண்டு நாள் ராகிக் களியோ, முருங்கைக்கீரை போட்ட ராகி அடையோ செய்தால் பால் குறைவாக வாங்குகிற வீட்டுக்கு நல்ல பிடிமானம். தர்மபுரி, நீலகிரி மாவட்டங்களில் 2023 முதல் ரேஷனிலேயே அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ ராகி தருகிறார்கள். எங்கள் பக்கமும் வந்தால் தேவலை.

நாட்டுக்கோழி முட்டைதான் சத்தா?

விலை இரண்டு மூன்று மடங்கு, சத்தில் அப்படி ஒரு வித்தியாசமும் இல்லை. நாமக்கல் வெள்ளை முட்டையே போதும். தட்டாக, அதாவது முப்பதாக வாங்குங்கள். புரட்டாசியில் பலர் கவுச்சி தொடமாட்டார்கள், முட்டை விலை இறங்க வாய்ப்பு உண்டு. அரசுப் பள்ளியில் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு வாரம் ஐந்து முட்டை அங்கேயே கிடைக்கிறது. அப்படியானால் வீட்டு முட்டை யாருக்கு? அம்மாவுக்கும் பாட்டிக்கும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்று கீழே வரும்.

பிள்ளைகள் பள்ளியில் சாப்பிடுகிறார்கள். வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே சாம்பார். மதியம் சத்துணவு. ஆக வீட்டில் அவர்கள் சாப்பிடுவது சாயந்தரத் தீனியும் ராத்திரிச் சாப்பாடும்தான். அந்தத் தீனியில்தான் எல்லாம் கெட்டுப் போகிறது. ஐந்து ரூபாய் பாக்கெட் ஒன்று தின்றுவிட்டு ராத்திரி "பசிக்கல" என்று நிற்கும்.

எங்கள் வீட்டில் ஒரு டப்பா உண்டு. வறுத்த கடலைக்காய், பொட்டுக்கடலை, வெல்லம் ஒரு துண்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கையில் ஒரு பிடி. வேகவைத்த கடலைக்காய் சீசனில் அதுவே போதும். பூசணம் பிடித்த, கசக்கிற கடலையை மட்டும் இரக்கம் பார்க்காமல் எறியுங்கள். அதில் வரும் நஞ்சு ஈரலைக் கெடுக்கும்.

மால்ட் பவுடர் பாட்டில் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பாட்டிலின் பின்பக்கம் சர்க்கரை எவ்வளவு என்று படித்துவிட்டு என்னிடம் வாருங்கள். 2024 ஏப்ரலில் மத்திய அரசே ஆன்லைன் கடைகளிடம் இவற்றை "ஆரோக்கிய பானம்" என்ற தலைப்பில் விற்காதீர்கள் என்று சொன்னது. அதற்குப் பதில் சத்துமாவு அரைத்துக்கொள்ளலாம்: முளைகட்டிக் காயவைத்த ராகி ஒரு கிலோ, கோதுமை அரைக் கிலோ, பச்சைப்பயறு கால் கிலோ, பொட்டுக்கடலை கால் கிலோ. தனித்தனியாக வறுத்து மில்லில் கொடுத்தால் ஒரு மாதத்துக்கு வரும். கடலைக்காயை மாவில் சேர்க்காதீர்கள், எண்ணெய் கக்கிச் சிக்கு வாடை அடிக்கும். கஞ்சி காய்ச்சும்போது தனியாகப் பொடித்துப் போடலாம்.

எனக்கு எப்போதும் அசதியாக இருக்கிறது. சாப்பாட்டில் என்ன குறை?

முதலில் ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு இல்லாமல் பார்ப்பார்கள். என் இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஹீமோகுளோபின் 8.6 என்று வந்தது. நான்தான் வீட்டுக்கே சமைக்கிறவள். நர்சம்மா கேட்டார், "நீ எப்ப சாப்பிடுவ கண்ணு?" எல்லாரும் சாப்பிட்ட பிறகு என்றேன். "என்ன மிச்சம் இருக்கும்?" சட்டியில் ஒட்டின குழம்பு, சோறு. மீன் தீர்ந்திருக்கும், முட்டை எண்ணி வைத்தது மூன்றுதான், கீரை பிள்ளைக்கு. பதில் சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. அதில் எத்தனை பேர் கடைசியாகச் சாப்பிடுகிறவர்கள் என்று யாரும் கணக்கெடுத்த மாதிரி தெரியவில்லை. நர்சம்மா கேட்ட அன்றிலிருந்து எல்லார் தட்டையும் ஒரே நேரத்தில் பரிமாறி, என் பங்கை மூடி வைத்துவிடுகிறேன். மாமியார் முதலில் முகம் சுளித்தார். பிறகு அவருடைய தட்டிலும் முட்டை ஒழுங்காக வர ஆரம்பித்ததும் ஒன்றும் சொல்லவில்லை.

சாப்பாட்டில் செய்ய வேண்டியது: வாரம் நான்கு நாள் கீரை, அதில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்தது. எலுமிச்சையில் இருக்கும் வைட்டமின் சி கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்பை உடம்பு இழுத்துக்கொள்ள உதவும். எலுமிச்சை விலை ஏறும் கோடையில் நெல்லிக்காய்த் துண்டு, கொய்யாப்பழம். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கத்தை விடுங்கள், ஒரு மணி நேரமாவது தள்ளுங்கள். டீயில் இருப்பது அந்த இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கவுச்சி சாப்பிடுகிறவர்களுக்கு ஆட்டு ரத்தப் பொரியலும் கோழி ஈரலும் கறி விலையில் ஒரு பங்குக்குக் கிடைக்கும், இரும்பு அவற்றில்தான் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் இரத்தம் ரொம்பக் குறைந்திருந்தால் கீரையை நம்பி உட்காராதீர்கள், கொடுக்கிற மாத்திரையைப் போடுங்கள்.

காய்கறியைக் குறைந்த விலையில் எப்படி வாங்குவது?

உழவர் சந்தைக்குப் போங்கள். 1999-ல் மதுரையில் முதல் சந்தை திறந்ததிலிருந்து இதன் வேலையே விவசாயி நேராக வந்து விற்பதுதான். விலையும் பலகையில் எழுதியிருக்கும். விடிகாலையில் போனால் நல்ல காய், மூடுகிற நேரத்தில் போனால் மலிந்த காய். வாரச் சந்தை என்றால் இருட்டின பிறகு கூறு கட்டி விற்பார்கள்.

தக்காளிக்கு அடிமையாக இருக்காதீர்கள். 2023 ஜூலையில் கிலோ நூறைத் தாண்டியபோது சென்னையில் ரேஷன் கடையிலேயே 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. அந்த மாதம் முழுக்க நாங்கள் புளிக்குழம்பு, மோர்க்குழம்பு, மாங்காய் போட்ட சாம்பார் என்று ஓட்டினோம். தக்காளி இந்த ஊருக்கு வருவதற்கு முன்னாலும் நம் ஆட்கள் குழம்பு வைத்தார்கள்தானே. பத்து ரூபாய்க்கு மூன்று கிலோ என்று கொட்டுகிற காலமும் வரும், அப்போது உப்புப் போட்டு வற்றலாகக் காயவைத்துக்கொள்ளலாம்.

எறிகிறதிலும் பாதி சாப்பாடுதான். பீர்க்கங்காய்த் தோலில் துவையல் எல்லாருக்கும் தெரியும். முள்ளங்கி இலை, பீட்ரூட் இலை இரண்டையும் கீரையாகப் பொரியல் செய்யலாம். காலிஃபிளவர் தண்டைப் பொடியாக நறுக்கிச் சாம்பாரில். தர்பூசணியின் வெள்ளைப் பகுதி, பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தால் சுரைக்காய் என்றே நினைப்பார்கள். முருங்கைக்கீரையைக் காசு கொடுத்து வாங்க எனக்கு இன்றைக்கும் மனசு வராது. தெருவுக்கு ஒரு மரம் இருக்கும், கேட்டால் ஒடித்துத் தருவார்கள்.

மீன், கறி?

ஞாயிற்றுக்கிழமை கால் கிலோ ஆட்டுக்கறியா ஒரு கிலோ மத்தியா என்றால் நான் மத்திதான். எங்கள் ஊருக்குக் கேரளாவிலிருந்து வருகிறது. வஞ்சிரத்தின் பெருமை எல்லாம் விலையில்தான்; இதயத்துக்கு நல்லது என்கிற மீன் கொழுப்பு மத்தியில் நிறையவே உண்டு. நெத்திலியை முள்ளோடு தின்பதால் கால்சியமும் சேர்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், விலை ஏறும். அப்போது கருவாடு, முட்டை. கருவாட்டில் உப்பு அதிகம், ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு ஒரு துண்டோடு சரி.

நீலப் பாக்கெட் பாலா, பச்சையா?

ஆவின் நீலத்தில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5. புரதமும் கால்சியமும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் டீயின் கெட்டியில். நீலமே வாங்கி, மிச்சத்தை உறை ஊற்றுங்கள்.

எந்த எண்ணெய்?

ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும் என்று டாக்டர்கள் சொல்வதைப் பின்பற்றினால் எந்த எண்ணெய் என்ற சண்டைக்கே பாதி வேலை இல்லை. ரேஷன் பாமாயிலில் கொழுப்பின் பாதி உறைகிற வகை, அதனால் அதையே எல்லாவற்றுக்கும் ஊற்றுவதில்லை. பாமாயில் ஒரு லிட்டர், செக்குக் கடலெண்ணெய் ஒன்றரை லிட்டர் என்று மாதத்தைப் பிரித்துக்கொண்டேன். பலகாரம் சுட்ட எண்ணெயைப் புகைய விட்டுத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள். மிச்சம் பிடிக்க அது வழியில்லை.

சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

ஊறவைப்பதுதான் பாதி. குக்கரில் அடியில் பருப்பு, மேல் தட்டில் சோறு, அதற்கு மேல் உருளைக்கிழங்கோ முட்டையோ என்று ஒரே வேக்காட்டில் மூன்று. விசில் வந்ததும் சிறுதீ. அணைத்த பிறகு ஆவி தானாக அடங்கட்டும், உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருக்கும். இப்படி ஆரம்பித்த பிறகு 14.2 கிலோ சிலிண்டர் எங்களுக்கு முன்னைவிட ஒன்பது பத்து நாள் கூட வருகிறது.

மாமியாருக்குச் சர்க்கரை. அவருக்குத் தனியாகச் சமைக்க வேண்டுமா?

வேண்டாம். அதே சமையல், வேறு அளவு. அவருக்கு ஒரு கப் சோறு, இரண்டு கரண்டி கெட்டிப் பருப்பு, சோற்றளவுக்குக் கீரையோ காயோ. முதலில் காயும் பருப்பும் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வரச் சொல்வேன். "ராகிக் களி எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம்" என்று யாரோ அவரிடம் சொல்லி, நான்கு உருண்டை தின்று சர்க்கரை ஏறிய கதையும் எங்கள் வீட்டில் நடந்தது. ராகியும் மாவுச்சத்துதான், அளவு அதற்கும் உண்டு. சாப்பாட்டை மாற்றினால் மாத்திரை அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பரோட்டாவை நிறுத்தணுமா?

யார் நிறுத்தச் சொன்னது? ஆறு நாள் மிஷினுக்கு முன்னால் நின்ற மனுஷன் ஒரு நாள் சால்னா ஊற்றிச் சாப்பிடட்டும். ஆனால் ஆளுக்கு இரண்டு வாங்கி, வீட்டில் நான்கு முட்டையை உடைத்து வெங்காயத்தோடு பொரித்து வைத்துவிடுங்கள். மூன்றாவது பரோட்டா யாரும் கேட்கமாட்டார்கள்.

வியாழன், வெள்ளி வந்தால் கையில் காசே இருப்பதில்லை. அந்த இரண்டு நாளைக்கு என்ன செய்வது?

அந்த இரண்டு நாளை ஞாயிற்றுக்கிழமையே சமாளிக்க வேண்டும். சந்தையிலிருந்து வந்ததும் முதல் வேலையாக அரைக் கிலோ கொள்ளு, கால் கிலோ கடலைக்காய், ஐந்து முட்டை, இரண்டு துண்டு கருவாடு என்று பிரித்துத் தனியாக வைத்துவிடுங்கள். வியாழக்கிழமை வரை அதில் யாரும் கை வைக்கக் கூடாது. வீட்டுக்காரர் புதன்கிழமை ராத்திரி முட்டை கேட்பார், இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

வியாழன் ராத்திரி கொள்ளு கடைந்து, அந்தத் தண்ணீரில் ரசம். கொஞ்சம் சோற்றில் தண்ணீர் ஊற்றி வையுங்கள். வெள்ளி காலை பழைய சோறு, மோர், சின்ன வெங்காயம், சுட்ட கருவாடு. கவுச்சி வேண்டாதவர்களுக்கு வறுத்த கடலைத் துவையல். வெள்ளி ராத்திரி முட்டைக் குழம்பு, ஆளுக்கு ஒன்று. சமைக்க முடியாத அளவுக்கு உடம்பு சரியில்லை என்றால் மாநகராட்சிப் பகுதியில் அம்மா உணவகம் இருக்கிறது. 2013-ல் தொடங்கியபோது இட்லி ஒரு ரூபாய், இன்றைக்கும் அதேதான். கூச்சப்படாமல் தூக்குவாளியோடு போங்கள், எங்கள் தெருவில் சூப்பர்வைசர் வீட்டு ஆட்களே வரிசையில் நிற்கிறார்கள்.